புண்பட்ட விலங்கும் வேட்டுவர் கடனும்

வேட்டை முற்காலத்தில் மன்னர்க்கும் பிரபுக்களுக்கும் உரிய வினோதமாயிருந்தது. காயமுற்ற விலங்கைத் தேடிச் சென்று அதன் வேதனையை விரைந்து முடித்தல் வேட்டையாடுவோரது தலையாய கடன். அதிலும் அவசரம் ஆகாது. வீழ்ந்ததன்மேற் கல்லெறிந்து, அசைவின்மை கண்ட பின்னரே நெருங்குதல் வேண்டும். அக்கடன் தவறியதால் விளைந்த கேட்டை யாம் ஈண்டு ஒரு சரித்திரத்தால் விளக்குவாம்.

இமயச்சாரலிலுள்ள குமாவுன் நாட்டில், சம்பாவத் என்னும் ஊரைச் சூழ்ந்து ஒரு பெண்புலி மனிதரைத் தின்று திரிந்தது. நேபாளத்தில் 200 பேர், குமாவுனில் 236 பேர் அதற்கு இரையாயினர் என்பர். 1907-ஆம் வருஷம் ஜிம் கார்பெட் துரை அதனைச் சுட்டார். அவரிடமிருந்த மூன்று தோட்டாக்களும் தீர்ந்தன. புலியோ காயத்தோடு எதிர்நின்றது. அவர் அவ்வாறே விட்டகலவில்லை. தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி மீண்டு, அணுகிச் சுட்டார். புலி வீழ்ந்தது.

பின்னர்ப் பார்க்க, அதன் வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் பழைய குண்டடியால் உடைந்திருந்தன. காட்டு விலங்குகளைக் கொல்ல மாட்டாமையால் அது மனிதரை நாடிற்று. முன்பு சுட்டவர் எவரோ; அவர் முடியாது விட்ட செயலின் பயனை ஏதுமறியாக் குடிகள் அனுபவித்தனர்.

1972-ஆம் வருஷத்துச் சட்டம் இந்நாட்டிற் புலிவேட்டையைத் தடுத்துவிட்டது. ஆயினும், நம் குலத்து இளைஞர்காள்! நம் கையால் நேர்ந்த துன்பத்தைப் பாதியில் விட்டகலுதல் அறமன்று என்பதை நாம் மறவாதிருப்போமாக.