சிவப்புக் காளானும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சாப்பாடும்

ஐரோப்பாவில் படிக்கும் எமது பழைய மாணவர் ஒருவர் போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அங்கே இப்போது இலையுதிர் காலம். பேர்ச் மரத்தடியில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே இரத்தச் சிவப்பில் ஒரு காளான், மேலே வெள்ளைப் பொட்டுகள். கதைப் புத்தகங்களில் நாமெல்லாம் பார்த்த அதே காளான்தான். "சேர், இது நஞ்சாம். ஆனா படமெடுக்க இதைப்போல வடிவானது வேற இல்ல" என்று எழுதியிருந்தார்.

இதற்கு ஈக் காளான் என்று பெயர். இதைத் தூளாக்கிப் பாலில் கலந்து வைத்தால் ஈ சாகும் என்று அல்பெர்டஸ் மாக்னஸ் என்ற அறிஞர் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். 1753இல் லின்னேயஸ் விஞ்ஞானப் பெயர் வைத்தபோதும் ஈயை விடவில்லை. 'மஸ்காரியஸ்' என்பது ஈயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1869இல் இதிலிருந்து மஸ்கரின் என்ற நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் அது இக்காளானில் மிகச் சொற்பமாகவே இருக்கிறது. ஆளை மயக்கும் உண்மையான நஞ்சுகள் வேறு என்று தெரியவர 1960கள் ஆயிற்று.

இவ்வளவு பகட்டான காளானை யார்தான் தவறி உண்பார் என்று தோன்றும். உண்டிருக்கிறார்கள். 1897ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வோஷிங்டன் நகரம். இத்தாலியத் தூதரகத்தைச் சேர்ந்த டி வெக்கி பிரபு சந்தைப் பக்கத்தில் காளான் வாங்கினார். காளான் பற்றி விஷயம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த மனிதர். அவருடைய நாட்டில் சீசர் காளான் என்று ஒன்றுண்டு. செம்மஞ்சள் நிறம், உண்ணத்தக்கது, விருந்துகளில் பேர்போனது. இது அதுதான் என்று நினைத்துவிட்டார். ஞாயிறு காலையில் தன் நண்பரான வைத்தியருடன் சேர்ந்து, ருசியைப் புகழ்ந்தபடி சாப்பிட்டார். சற்று நேரத்திலேயே இருவரும் விழுந்தார்கள். வைத்தியர் பிழைத்தார். பிரபு பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டே அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தின் தாவரவியலாளர் கொவில், தலைநகரில் நடந்த காளான் நஞ்சூட்டங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்.

அந்த வெள்ளைப் பொட்டுகள் இருந்திருக்குமே என்று கேட்பீர்கள். அவை தோலோடு பிறந்தவை அல்ல. குட்டிக் காளானை மூடியிருந்த உறையின் துண்டுகள். ஒரு நல்ல மழை பெய்தால் கழுவிப் போய்விடும்.

இதில் இன்னொரு விசித்திரம். இந்தச் சிவப்பன் ஆளைக் கொல்வது அபூர்வம். உலகில் காளானால் நேரும் மரணங்களில் பெரும்பங்கு வெளிறிய பச்சை நிறமுள்ள, எவர் கண்ணிலும் படாத 'மரணத் தொப்பி'யினால்தான். உண்டவருக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது. பிறகு வயிற்றோட்டம், பிறகு சுகம் வந்தது போல ஒரு நாள். அந்த நாளில்தான் ஈரல் அழிந்துகொண்டிருக்கும். பளிச்சென்ற நிறம்தான் நஞ்சு என்று ஆசிரியர் கலாசாலைக்குப் போகும்வரை நாமும் நம்பியிருந்தோம்.

மாணவருக்குப் பதில் எழுதினோம்: மேலிருந்து மட்டும் எடுக்காதே, தொப்பிக்கு அடியிலுள்ள மடிப்புகளையும், மண்ணைச் சற்று விலக்கித் தண்டின் அடியையும் எடு. மரணத் தொப்பியின் அடியாளமான பை போன்ற உறை மண்ணுக்குள்தான் ஒளிந்திருக்கும். எத்தனை படம் எடுத்தாலும் பார்ப்பதற்கு மட்டும்தான், சட்டிக்கு அல்ல.

அனுப்பி முடித்த அன்று பின்னேரமே, மழை விட்ட கையோடு, எமது அயலிலுள்ள ராத்தா ஒருவரிடமிருந்தும் ஒரு படம் வந்தது. வளவில் முளைத்த வெள்ளைக் காளான், அரை சுளகு. "சேர், இது சாப்பிடலாமா? உள்ளி போட்டுப் பார்த்தேன், கறுக்கல்ல." உள்ளி, வெள்ளிக்காசு, அரிசி என்று உம்மும்மா காலத்துச் சோதனைகள் எதுவுமே காளான் நஞ்சைக் காட்டாது என்று சொன்னோம். படத்தைப் பார்த்து எம்மால் சொல்ல முடியாது என்றும் சொன்னோம்.

கொஞ்சம் மனவருத்தம்தான் அவருக்கு. இஷாவுக்குப் பிறகு பதில் வந்தது: "கொட்டிட்டேன் சேர். பிள்ளைகளுக்கு முட்டை பொரிச்சுக் குடுத்தாச்சு."