கலைவாணர் அரங்கம்: கட்டடம் மாறியும் நீடிக்கும் பெயர்

சென்னை வாலாஜா சாலையில் உள்ள கலைவாணர் அரங்கம், நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்த நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனின் நினைவாகப் பெயரிடப்பட்டதாகும்.

அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ஆம் ஆண்டு பிறந்த அவர், வில்லுப்பாட்டுக் கலைஞராகத் தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் நடித்தார். 1957-இல் காலமானார்.

இந்த இடத்தில் இருந்த பழைய கட்டடத்தில் 1952 முதல் 1956 வரை சட்டப்பேரவை கூடியது. பின்னர் பாலர் அரங்கமாக விளங்கிய அக்கட்டடத்துக்கு, 1974-இல் மு.கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது கலைவாணரின் பெயர் சூட்டப்பட்டது.

பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, 2016-இல் புதிய அரங்கம் திறக்கப்பட்டபோதும் பெயர் மாறவில்லை. கரோனா பரவலின்போது, 2020 செப்டம்பரில், சமூக இடைவெளி கருதிச் சட்டப்பேரவைக் கூட்டம் மீண்டும் இங்கேயே நடைபெற்றது.

கேரளத்தில், திருச்சூர் சங்கீத நாடக அகாதெமி வளாகத்திலும், அதன் தலைவராகப் பணியாற்றிய மறைந்த நடிகர் முரளியின் பெயரில் ஓர் அரங்கு உள்ளது.