மல்லாட்டை உடைத்த கதை

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 'தெகோர்த்திக்கே' என்றால் தோடு நீக்குவது. பாடத்தை அலசச் சொல்லும்போதும் வாத்தியார் அதே சொல்லைத்தான் சொல்வார்.

மணிலாக்கொட்டை எங்கள் பக்கம் மல்லாட்டை. இங்கே மேலநீலிதநல்லூரில் கடலை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி மார்சேய் போயிற்று. செனகல் கடலை தோட்டோடு போகும். நம்முடையது உடைத்த பருப்பாகப் போகும். சுலபமாக உடையட்டும் என்று தண்ணீரில் நனைத்தார்கள். ஈரப் பருப்பு வழியிலேயே கெட்டது. செனகல் எண்ணெய் சமையலுக்கு, நம் எண்ணெய் பெரும்பாலும் சோப்புக்கு என்றாயிற்று.

1960-ல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்கு தின்ற வான்கோழிகள் லட்சத்துக்கும் மேல் செத்தன. பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு அதன்பிறகே தெரியவந்தது.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு அம்மா தண்ணீர் தெளித்துக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். "காய்ஞ்ச தோட்டை உடைச்சா விரல் வலிக்கு சார்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அரைப்படி உலர்வாக உடைத்துப் பார்த்தேன். வலிக்கத்தான் செய்தது.

ஆனாலும் சொல்கிறேன்: நனைத்தால் அன்றே காயவையுங்கள். பூசணம் பூத்த பருப்பைக் கோழிக்கும் போடாதீர்கள்.