வெறுங்கையாய் அனுப்பப்பட்டவர்கள்



இவ்வாரத் தியானத்திற்கு உபாகமம் 15-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு ஆண்டுகள் உழைத்த அடிமையை ஏழாம் ஆண்டில் விடுதலை செய்ய வேண்டும் என்று கட்டளையிடும் வேதம், அதனோடு நின்றுவிடவில்லை. அவனை வெறுங்கையாய் அனுப்பலாகாது. மந்தையிலும் களத்து விளைச்சலிலும் அவனுக்குப் பங்கு தர வேண்டும் என்கிறது. நம் மண்ணில் அடிமைகள் விடுதலை பெற்ற வரலாற்றை அளந்து பார்க்க இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

நம் மண்ணிலும் அடிமைகள் இருந்தனரா என்று சிலர் வியக்கக்கூடும். நாஞ்சில் நாட்டின் முதலியார் ஓலைகளில் நிலத்தைப் போலவே ஆட்களையும் விற்ற ஆவணங்கள் உள்ளன. 1819-இல் சென்னை வருவாய் வாரியம் அடிமைகளின் நிலை குறித்து மாவட்ட ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டது. பண்ணையாள், படியாள் என்று ஊர்தோறும் வழங்கிய பெயர்கள் வேறு. சாதியும் கடனும் சேர்ந்து பூட்டிய விலங்கு ஒன்றே.

1833-இல் பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் இயற்றியபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்கு விலக்கு அளித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1843 ஏப்ரல் 7 அன்று, இந்தியாவுக்கென ஐந்தாம் சட்டம் பிறந்தது. அதன் சொற்களைக் கூர்ந்து நோக்குங்கள். ஒருவரை அடிமை என்று உரிமை கோரும் வழக்கை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றாது. அரசின் பாக்கிக்காக அடிமையை ஏலம் விட இயலாது. அவர் ஈட்டிய உடைமையை அடிமை என்ற காரணத்தால் பறிக்க இயலாது. இவை பெரிய காரியங்களே. ஆயினும் எஜமானனுக்கு நீதிமன்றக் கதவை அடைத்த அச்சட்டம், அடிமைக்கு ஒரு காணி நிலத்தையும் காட்டவில்லை.

அமெரிக்காவின் வர்ஜீனியா போன்ற மாநிலங்களில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் பெயர், வயது, உயரம் ஆகியவற்றை உள்ளூர் நீதிமன்றங்கள் பதிவேட்டில் எழுதிவைத்தன. அவற்றைப் புரட்டி இன்றும் சந்ததியார் தம் மூதாதையரைக் கண்டடைகின்றனர். 1843-ஆம் ஆண்டுச் சட்டமோ விடுதலை பெற்றவருக்குப் பத்திரம் எதையும் வழங்கவில்லை. ஆகவே இங்கே விடுதலையைத் தேடுவோர், விற்பனை ஓலைகளையும் கடன் பத்திரங்களையும் நில மனுக்களையும்தான் வாசிக்க வேண்டியுள்ளது. விற்கப்பட்டபோது எழுதப்பட்ட பெயர், விடுவிக்கப்பட்டபோது எழுதப்படவில்லை.

அந்த வெறுங்கையின் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. நாம் வாழும் கே.கே. நகரும் சுற்றுப்புறமும் ஒருகாலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தின் கிராமப்புறமாய் இருந்தவை. அம்மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், சட்டம் வந்து 48 ஆண்டுகளுக்குப் பின், 1891-இல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். சிறு கடனுக்காகத் தம் உழைப்பையே அடகு வைத்துப் படியாட்கள் பண்ணைகளில் கட்டுண்டு கிடந்ததை அரசின் கண்முன் வைத்தார். அவர்களிடையே ஊழியஞ்செய்த மிஷனரிகளும் நிலம் வேண்டிக் குரல் எழுப்பினர். 1892-இல் அரசு அம்மக்களுக்கென நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் அறிவது அதுவே. அந்நிலங்களில் பல பின்னர் பிறர் கைக்குப் போயின என்பதும், அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994-இல் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர் என்பதும் நம் காலத்துச் சோகம்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அடிமைக் கடன்களையே செல்லாதவை ஆக்கியது. இன்று செங்கல் சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் மீட்கப்படுவோர் தம் பெயர் எழுதப்பட்ட விடுதலைச் சான்றிதழைப் பெறுகின்றனர். அதன் பிறகும் வீடும் வேலையும் இல்லையெனில், பழைய கடனே அவர்களை மீண்டும் அழைக்கும்.

பிரியமானவர்களே, விடுதலையை அறிவிப்பது சட்டத்தின் பணி. கையை நிரப்பி அனுப்புவது அண்டை வீட்டாராகிய நம் பணி. எகிப்தில் நீயும் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்று அதே அதிகாரம் காரணமும் சொல்கிறது. மீட்கப்பட்டு நம் நகருக்கு வரும் குடும்பத்தின் பிள்ளைக்குப் பள்ளியிலும், தகப்பனுக்கு நியாயமான கூலியிலும், தாய்க்கு நம் தெருவிலும் இடம் உண்டா என்று இவ்வாரம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. ஆமென்.