முதல் வகுப்புக் கோளாறு

இயந்திரம் பழுதுபட்ட பின்னர்க் காரணம் தேடுவது பழைய வழக்கம். எந்த உறுப்பு எவ்வகையிற் கெடக்கூடும், கெட்டால் முழு இயந்திரத்திற்கும் என்ன விளையும், அவ்விளைவு எத்துணைக் கொடியது என்பவற்றை வடிவமைக்கும்போதே எண்ணி எழுதி வரிசைப்படுத்தும் முறை இருபதாம் நூற்றாண்டின் இடையில் உருப்பெற்றது. அமெரிக்கப் படைத்துறை 1949 நவம்பர் 9ஆம் நாள் இதற்கென ஒரு நடைமுறை விதியை வெளியிட்டது. பின்னர் நிலாப் பயணத் திட்டத்தில் நாசா நிறுவனமும் இதனைக் கைக்கொண்டது.

இம்முறையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது சேலஞ்சர் விண்ணோடத்தின் வரலாறு. 1986 ஜனவரி 28ஆம் நாள் ஃபுளோரிடாவிலிருந்து எழும்பிய அவ்வோடம் 73 வினாடிகளிற் சிதைந்தது, எழுவர் மாண்டனர். கேடு விளைத்த உறுப்பு எவரும் எண்ணிப் பாராத ஒன்றன்று. அது பட்டியலில் இருந்தது; அதுவும் முதல் வகுப்பில் இருந்தது.

விண்ணோடத்தின் இருபுறமும் நின்ற திண்ம எரிபொருள் ராக்கெட்டுகள் பல துண்டுகளாகச் செய்து பொருத்தப்பட்டவை. உள்ளே எழும் கொதிவாயு பொருத்துவாய்களின் வழியே வெளியேறாதபடி இரண்டிரண்டு ரப்பர் வளையங்கள் இடப்பட்டன. ராக்கெட்டின் குறுக்களவு ஏறத்தாழ 12 அடி. வளையத்தின் தடிப்போ கால் அங்குலத்திற்குச் சற்றே மிகுதி. 1980இல் இப்பொருத்துவாய்க்கு ‘1 ஆர்’ என்னும் வகுப்பு அளிக்கப்பட்டது. 1 என்றால், அது கெட்டால் ஓடமும் உயிர்களும் அழியும் என்பது பொருள். ஆர் என்ற எழுத்து, ஒன்று தவறினும் தாங்குவதற்கு மற்றொன்று உண்டு என்பதைக் குறிக்கும்.

ஆனால் ராக்கெட் பற்றிக்கொண்டதும் உள்ளழுத்தத்தால் பொருத்துவாய் சற்றே விரிவது சோதனைகளிற் புலனாயிற்று. விரிந்த இடைவெளியை இரண்டாம் வளையம் அடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. எனவே 1982 டிசம்பரில் ஆர் என்ற எழுத்து நீக்கப்பட்டது.

ஓரெழுத்துத்தானே என்று கருதுவதற்கில்லை. அவ்வெழுத்தை இழந்த உறுப்போடு பறப்பதற்குத் தனி விலக்கு வேண்டும். 1983 மார்ச்சில் அவ்விலக்குக் கிடைத்தது, பறத்தல் தொடர்ந்தது. வியப்பு யாதெனில், அதன் பின்னும் சில ஆவணங்களிற் பழைய வகுப்பே எழுதப்பட்டு வந்தமைதான். இரண்டாம் வளையம் காக்கும் என்ற நம்பிக்கை பட்டியலில் அழிந்தும் மனத்தில் அழியவில்லை போலும். மேலும், முதல் வகுப்பில் இருந்த உறுப்புகள் நூற்றுக்கணக்கானவை. பள்ளியில் எல்லா மாணவர்க்கும் முதலிடம் கொடுத்தாற்போல, அவ்வரிசை தனக்குள் எதனையும் வேறுபடுத்திக் காட்டவில்லை.

1985 ஜனவரியில் குளிர்மிக்க ஒரு நாளில் ஏவிய ராக்கெட்டுகளை மீட்டபோது, இரு வளையங்களுக்கிடையே கரியேறிய கிரீஸ் காணப்பட்டது. ராக்கெட் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியியலார் ரோஜர் பாய்ஜொலி, உயிர்ச்சேதம் நேரலாம் என அவ்வாண்டு ஜூலை 31இல் எழுதி எச்சரித்தார். சேலஞ்சர் புறப்படுவதற்கு முந்திய இரவும் அவரும் தோழரும் தொலைபேசிவழி வாதிட்டனர். 53 பாகை ஃபாரன்ஹீட்டிற்குக் கீழே ஏவலாகாது என்றனர். நிறுவன மேலாளர் முதலில் அதற்கு இசைந்து, பின்னர் மாறினர். ஏவியபோது வெப்பநிலை 36 பாகை.

விசாரணைக் குழுவினரான இயற்பியலறிஞர் ரிச்சர்டு ஃபைன்மன், வளையத் துண்டொன்றை இடுக்கியிற் பிடித்துப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, அது உடனே பழைய வடிவுக்கு மீளாமையைக் காட்டினார். அப்பரிசோதனை உலகறிந்தது. அவர் கண்ட மற்றொன்று அதனினும் கருதத்தக்கது: ஓடம் அழியும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்போர் கருவியோடு பழகிய பொறியியலார், இலட்சத்தில் ஒன்று என்போர் மேலாளர். ஒரே பொருளைப் பற்றிய மதிப்பீடு ஆயிரம் மடங்கு வேறுபட்டது.

விண்ணோடத்தின் பட்டியல் முழுவதும் பின்னர் மீண்டும் ஆராயப்பட்டது. பொருத்துவாய் விரியாதபடி மாற்றி அமைக்கப்பட்டு, மூன்றாம் வளையமும் குளிர் தாக்காதிருக்கச் சூடேற்றியும் சேர்க்கப்பட்டன. 1988 செப்டம்பர் 29ஆம் நாள் டிஸ்கவரி என்னும் விண்ணோடம் அந்தப் புதிய பொருத்துவாய்களோடு எழும்பியது.