உப்புக்காற்றில் நின்ற அரிதாரம்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கழுவேலி நீர்நிலையையும் அதையொட்டிய உப்பளங்களையும் கொண்டு அறியப்படும் ஊர் மரக்காணம். அதற்கு மேற்கே திண்டிவனம், செஞ்சி என விரியும் நிலப்பகுதி, 1993 இல் விழுப்புரம் மாவட்டம் உருவாகும் வரை தென் ஆர்க்காட்டில் அடங்கியிருந்ததோடு, திரௌபதி அம்மன் வழிபாட்டிற்கும் அதனோடு பிணைந்த தெருக்கூத்திற்கும் முக்கியமான தாயகங்களுள் ஒன்றாகவும் இருந்துவந்துள்ளது. உப்புத் தொழிலும் கூத்துத் தொழிலும் இங்கே ஏறக்குறைய ஒரே பருவத்தைப் பங்கிட்டுக்கொண்டன. தை, மாசியில் பாத்திகளைச் சீர்செய்து தொடங்கும் உப்பு விளைச்சல், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது நின்றுவிடும். பங்குனி தொடங்கி ஆடி வரையிலான கோடை மாதங்களே பாரதக் கூத்துகள் மிகுதியாக நடைபெறும் காலமும் ஆகும். ஆகவே, கூத்தர் முகத்தில் வண்ணம் பூசி விடிய விடிய ஆட வேண்டியிருந்தது, ஆண்டிலேயே மிகுதியாக வியர்க்கும் மாதங்களில்தான்.

கடலோரத்தில் இந்த இடர்ப்பாடு இன்னும் கூடுதலானது. பகலில் வெயிலும் மேல்காற்றும் பாத்தியின் நீரை உறிஞ்சி உப்பைப் படியச் செய்கின்றன. இரவிலோ கடலோரக் காற்றின் ஈரத்தில் எதுவும் எளிதில் உலர்வதில்லை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும் என்பதால், காற்றே ஈரமாக இருக்கும் இடத்தில் அது தோலின் மீதே தங்கி, திரண்டு, நெற்றியிலிருந்து கண்ணுக்கும் கன்னத்திற்கும் வழிகிறது. நீரில் குழைத்துப் பூசிய எந்த வண்ணமும் அதன் வழியில் கரைந்துபோகும்.

கூத்தர் கண்ட முதல் வழி தேங்காய் எண்ணெய். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிமமான அரிதாரம், செந்நிறத்திற்குரிய செந்தூரம், முத்துவெள்ளை எனப்படும் வெண்பொடி, விளக்குக் கரியிலிருந்து எடுத்த மை ஆகியவற்றை எண்ணெயில் குழைத்து அவர்கள் தாமே தம் முகத்தில் எழுதிக்கொண்டனர். எண்ணெய் கலந்த படலத்தை வியர்வைத்துளி எளிதில் கரைக்காது. அதன் மீது துளியாக நின்று உருண்டோடும். ஆயினும் எண்ணெய் மிகுந்தால் வெப்பத்தில் படலமே இளகி நகரும் என்பதால், மேலே உலர்ந்த பொடியை ஒற்றி இறுக்குவது அடுத்த படியாயிற்று. இவ்வாறு இறுகிய வண்ணத்தைத் துணியால் துடைத்தால் குழைந்துவிடும், ஒற்றி எடுத்தால் நிற்கும். ஆர்சனிக் கொண்ட அரிதாரம் தோலுக்கு உகந்ததன்று என்பதால், காலப்போக்கில் தீங்கற்ற பொடிகள் அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டாலும், எண்ணெயின் இடம் மாறவில்லை.

எண்ணெய்க் குழைவு எவ்வளவு உறுதியாயினும் இரவு பத்து மணிக்குத் தொடங்கிச் சூரியன் எழும்வரை நீளும் ஆட்டத்தை முழுதாகத் தாங்குவதில்லை. இந்த இடத்தில்தான் தெருக்கூத்து வேடத்தின் அமைப்பு கவனத்திற்குரியதாகிறது. அரசரும் வீரரும் அணியும் கிரீடம், தோள்களில் ஏறும் புஜக்கட்டை, மார்பை மறைக்கும் மார்புக்கட்டை ஆகிய மர அணிகலன்கள் மொத்தமாகக் ‘கட்டை’ எனப்படுகின்றன. கல்யாண முருங்கை போன்ற இலகுவான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளும் மினுக்குத் தாளும் பதித்துச் செய்யப்படும் இவற்றின் பெயராலேயே இக்கலை கட்டைக்கூத்து என்றும் வழங்குகிறது. இருவர் பிடித்து நிற்கும் திரைக்குப் பின்னிருந்து பாடியபடி துரியோதனன் வெளிப்படும்போது, பார்வையாளர் முதலில் காண்பது விளக்கொளியில் மின்னும் கட்டையையும் சிவந்த முகத்தையும் ஒன்றாகத்தான். வேகச் சுழற்சிகளுக்குப் பிறகு முகத்தின் சிவப்பு சற்றுத் திட்டாகிப் போனாலும், பாத்திரத்தை அடையாளம் காட்டும் பொறுப்பைக் கிரீடமும் கட்டையும் சுமந்துகொள்கின்றன. வியர்வைக்காகவே கட்டை தோன்றியது என்று சொல்வது மிகையாகும். ஆனால் கரையக்கூடிய முகத்தையும் கரையாத மரத்தையும் இணைத்த ஒரு மரபு, வெப்பமான இந்நாட்டில் நிலைத்து நின்றதில் வியப்பில்லை. ஒப்பீட்டிற்குக் கேரளத்துக் கதகளியைக் கொள்ளலாம்: அங்கும் நிறங்கள் தேங்காய் எண்ணெயில்தான் அரைக்கப்படுகின்றன, எனினும் முகமே நடிப்பின் களமாதலால், அரிசி மாவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தாடையோரம் எழுப்பும் ‘சுட்டி’ உட்பட ஒப்பனைக்குப் பல மணி நேரம் செலவிடப்படுகிறது.

கட்டையின் துணை கிடைக்காத வேடம் ஒன்று உண்டு. அது பெண் வேடம். ஆண்களே நெடுங்காலம் ஏற்று நடித்த திரௌபதிக்குப் புடைவையும் நகையும் மட்டுமே உடையாதலால், விழாவின் நாயகியே முகத்தின் வண்ணத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டியிருந்தது. சபையில் இழுத்து வரப்பட்டுப் புலம்பும் நெடிய காட்சியில் மென்மையான இளஞ்சிவப்புப் பூச்சின் அடியிலிருந்து வியர்வை மேலே வந்தால் மீசை மழித்த ஆண்முகம் வெளிப்பட்டுவிடும். கூத்து ஒப்பனையில் மிகக் கடினமான வேலை அரக்கனுடையதன்று, இவளுடையதே எனலாம்.

ஐரோப்பிய மேடையும் இதே சிக்கலைச் சந்தித்தது. வாயு விளக்குகளின் வெப்பத்தில் உலர்பொடிகள் நிற்காததால், கொழுப்பில் நிறமியைக் கலந்த ஒப்பனைக் குச்சிகள் அங்கே பரவின; அவற்றைப் பெர்லினில் 1873 முதல் வணிகமாக்கியவர் லூட்விக் லெய்க்னர் என்ற ஓபரா பாடகர். 1930களின் பிற்பகுதியில் மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் வண்ணத் திரைப்படங்களுக்கென வெளியிட்ட ‘பேன்கேக்’, ஈரப்பஞ்சால் பூசி உலரவிடும் கட்டிப்பொடியாகும். சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் அது எவ்வளவு மிகுதியாகச் செலவாயிற்று என்பதையும், சுடும் விளக்குகள் சூழ்ந்த ஒப்பனை அறையில் நடிகர்கள் பட்ட பாட்டையும் அங்கே பணியாற்றிய அசோகமித்திரன் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியுள்ளார். ஸ்டுடியோவில் ஒரு காட்சி சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஒப்பனையாளர் அருகிலேயே பஞ்சோடு நிற்பார். கூத்தருக்கு அந்த வசதி கிடையாது.

தீவட்டி, பெட்ரோமாக்ஸ், பின்னர் மின்குழல் விளக்கு என ஒளி மாறியபோது பூச்சும் மாறியது. மங்கிய, அசையும் சுடரொளிக்கு அடர்ந்த வண்ணமும் வெண்புள்ளிகளும் தேவைப்பட்டன. வெள்ளை மின்னொளி அதே வண்ணத்தின் திட்டுகளைக் காட்டிக்கொடுத்தது. கடைகளில் கிடைக்கும் ஆயத்தப் பூச்சுகள் கூத்துப் பெட்டிக்குள் வந்து சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அவற்றால் அதிகம் பயன்பெற்றவை பெண் வேடங்களே. இன்றைய ‘வாட்டர்புரூஃப்’ அழகுப் பொருட்களில் எண்ணெயின் வேலையைப் பெரும்பாலும் சிலிக்கோன் சேர்மங்கள் செய்கின்றன. தோலோடு ஒட்டி நீரை விலக்கும் அந்தப் படலத்தைக் களையத் தனியாக ஒரு திரவம் வாங்க வேண்டும். கூத்தருக்கோ, மாலையில் வண்ணம் குழைத்த அதே தேங்காய் எண்ணெய்ப் புட்டிதான் காலையில் வேடம் கலைப்பதற்கும் போதுமானதாக இருக்கிறது.