தங்க அட்டை: சம்பாதித்ததா, வாங்கியதா?

என் சித்தப்பா அமெரிக்காவில் மென்பொருள் ஆலோசகர். ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் பெட்டியில் ஒரு தங்க நிற அட்டை தொங்கும். சின்ன வயதில் அதை ஏதோ கடைக்காரன் கழற்ற மறந்த விலைச்சீட்டு என்று நினைத்திருந்தேன். அதைப் பற்றிக் கேட்டால் போதும், "காசு குடுத்து வாங்கினதில்லடா, பறந்து சம்பாதிச்சது" என்பார். ஆறேழு வருடம் திங்கள் விடியற்காலை கிளம்பி வியாழன் இரவு வீடு திரும்பிய மனிதர். போன முறை வந்தபோதும் அட்டை இருந்தது, பேச்சில் பழைய பெருமை இல்லை. "இப்பல்லாம் பறக்காதவனுக்கும் குடுக்கிறான்" என்றார். அவர் சொன்னது சரிதானா என்று பார்க்கப் போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது.

அமெரிக்காவில் 1978 வரை எந்த விமானம் எங்கே போகலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதை அரசாங்கமே தீர்மானித்தது. அந்த ஆண்டு வந்த சட்டம் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. உடனே விலைப் போட்டி. பயணி எது மலிவோ அதில் ஏறிவிடுகிறான், அவனைப் பிடித்து வைப்பது எப்படி? 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. பறக்கும் ஒவ்வொரு மைலும் கணக்கில் ஏறும், போதிய மைல் சேர்ந்தால் இலவச டிக்கெட். சில நாட்களிலேயே யுனைடெட்டும் தன் திட்டத்தோடு வந்துவிட்டது. கொஞ்ச காலத்தில் இன்னொரு படியும் கட்டினார்கள். ஓர் ஆண்டில் இத்தனை மைலுக்கு மேல் பறந்தால் 'எலைட்' அந்தஸ்து. வரிசையில் முன்னால் போகலாம், இடம் காலியாக இருந்தால் முதல் வகுப்புக்கு மாற்றுவார்கள், பெட்டிக்குத் தனிக் காசு இல்லை. இலவச டிக்கெட்டை விட மக்களைப் பைத்தியமாக்கியது இதுதான் என்பது என் அபிப்ராயம். டிக்கெட்டைப் பயன்படுத்தினால் தீர்ந்துவிடும். அந்தஸ்து நாலு பேர் கண்ணில் படும்.

இதில் வேடிக்கை, சம்பாதிக்கும் திட்டம் பிறந்த அதே 1981-லேயே அதே நிறுவனம் வாங்கும் திட்டத்தையும் தொடங்கிவிட்டது. முந்தைய ஆண்டு அமெரிக்கனுக்கு 7 கோடியே 60 லட்சம் டாலர் நஷ்டம். வட்டி விகிதம் வானத்தில். கடன் வாங்குவதற்குப் பதிலாக 'ஏ-ஏர்பாஸ்' என்ற ஒன்றை விற்றார்கள். 2,50,000 டாலர் கட்டினால் ஆயுள் முழுக்க, கணக்கில்லாமல், முதல் வகுப்பில் பறக்கலாம். இன்னும் 1,50,000 கொடுத்தால் கூட ஒருவரையும் அழைத்துப் போகலாம். அதுமட்டுமா, அப்படிப் பறப்பதற்கும் மைல் உண்டு! பெரிய கம்பெனிகள் வாங்கும் என்று எதிர்பார்த்தார்கள். வாங்கியது சில பணக்காரத் தனிமனிதர்கள். அவர்களில் ஒருவர் பத்தாயிரம் முறைக்கு மேல் பறந்தார். மக்கள் எங்களைவிடப் புத்திசாலிகள் என்று அன்றைய தலைவர் ராபர்ட் கிராண்டால் பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1990-ல் விலை 6,00,000 டாலர், 1993-ல் பத்து லட்சத்தைத் தாண்டியது, 1994-ல் விற்பனையை நிறுத்தினார்கள். 2008-ல், விதிகளை மீறினார்கள் என்று சொல்லி இரண்டு பேரின் பாஸை ரத்து செய்ய, விஷயம் நீதிமன்றம் வரை போனது.

வாங்குவது பணக்காரர்களோடு நிற்கவில்லை. 1987-ல் சிட்டிபேங்க் அமெரிக்கனோடு சேர்ந்து ஒரு கிரெடிட் கார்டு கொண்டுவந்தது. ஒரு டாலர் செலவுக்கு ஒரு மைல். விமான நிலையப் பக்கமே போகாமல் மைல் சேர்க்கலாம் என்றாகிவிட்டது. விமான நிறுவனம் அந்த மைல்களை வங்கிக்கு விற்றது, வங்கி வாடிக்கையாளருக்குக் கொடுத்தது. அந்த நாளில் அமெரிக்கனில் எந்த வழியில் சேர்ந்தாலும் சரி, மொத்தம் பத்து லட்சம் மைல் தொட்டால் ஆயுளுக்கும் கோல்டு அந்தஸ்து.

இந்த ஓட்டையில் புகுந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் கலிபோர்னியாவில் ஒரு பொறியாளர். 1999-ல் ஓர் உணவு நிறுவனம், பத்து பொட்டலங்களின் பார்கோடு அனுப்பினால் 500 மைல், மே மாதத்துக்குள் அனுப்பினால் இரட்டிப்பு என்று அறிவித்தது. கடையில் அந்தக் கம்பெனியின் புட்டிங் கிண்ணம் ஒன்று 25 சென்ட்தான் என்று கண்டுபிடித்தார். 12,000-க்கு மேல் வாங்கிக் குவித்தார். லேபிள் கிழிக்கக் கை போதவில்லை. சால்வேஷன் ஆர்மியிடம் போய், லேபிளைக் கிழித்துக் கொடுங்கள், புட்டிங் உங்களுக்கு என்றார். செலவு 3,140 டாலர், கிடைத்தது பன்னிரண்டரை லட்சம் மைல், கூடவே ஆயுள் கோல்டு. தானம் செய்ததற்கு வரிச் சலுகை வேறு!

அடுத்து நாணயங்கள். 2008-லிருந்து அமெரிக்க நாணயச் சாலை ஒரு டாலர் காசுகளை அசல் விலைக்கே, தபால் செலவும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. புழக்கத்துக்கு வரட்டும் என்ற நல்லெண்ணம். மக்கள் கிரெடிட் கார்டில் காசுகளை வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வங்கியில் கட்டி, அந்தப் பணத்திலேயே கார்டு பாக்கியை அடைத்தார்கள். மிச்சம் மைல். 2011 ஜூலையில் கார்டுக்குக் காசு விற்பதை நிறுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரிலிருந்து அமெரிக்கனும் ஆயுள் அந்தஸ்துக்குப் பறந்த மைல் மட்டுமே செல்லும் என்று விதியை மாற்றியது.

அப்பாடா, சம்பாதித்தவன் ஜெயித்தான் என்று சித்தப்பா மாதிரி ஆட்கள் நினைத்திருப்பார்கள். அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. 2014-ல் டெல்டாவும் யுனைடெட்டும், மைல் மட்டும் போதாது, டிக்கெட்டுக்குச் செலவழித்த தொகையும் பார்ப்போம் என்றன. அடிமட்ட எலைட்டுக்கே 2,500 டாலர். மலிவு டிக்கெட்டில் சும்மா சுற்றிச் சுற்றிப் பறந்து மைல் சேர்த்தவர்களுக்கு இடி. ஆனால் பக்கத்திலேயே ஒரு சந்து திறந்திருந்தது. அவர்களுடைய கார்டில் ஆண்டுக்கு 25,000 டாலர் செலவழிப்பவருக்கு இந்த நிபந்தனை கிடையாது! 2022 மார்ச்சில் அமெரிக்கன் சந்தையே ராஜபாட்டை ஆக்கியது. பறந்த மைல் கணக்கு போய், எல்லாமே புள்ளி. கார்டில் ஒரு டாலருக்கு ஒரு புள்ளி. 2023-லிருந்து கோல்டுக்கு 40,000 புள்ளி. மளிகை, வாடகை, பெட்ரோல் என்று 40,000 டாலர் தேய்த்தால் ஒரு முறைகூட விமானம் ஏறாமல் கோல்டு ஆகிவிடலாம். ஆக, சித்தப்பா சொன்னது மிகை இல்லை.

ஏன் இப்படி? 2020-ல் கொரோனா காலத்தில் யுனைடெட் கடன் திரட்ட அடமானம் வைத்தது தன் மைல் திட்டத்தை. அதன் மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர் என்று கணக்கு காட்டியது. அப்போது பங்குச் சந்தையில் முழு கம்பெனிக்கும் அவ்வளவு விலை இல்லை. விமானம் ஓட்டுவதைவிட வங்கிக்கு மைல் விற்பது நல்ல வியாபாரம் என்றால், யாரைக் கொண்டாடுவார்கள் என்று சொல்ல வேண்டுமா? 2023 செப்டம்பரில் டெல்டா, இனி செலவுத் தொகை ஒன்றுதான் கணக்கு என்றபோது வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். எல்லை மீறிவிட்டோம் என்று தலைவர் எட் பாஸ்டியனே சொல்லி, சிலவற்றைத் தளர்த்தினார். அடிப்படை மாறவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு சித்தப்பாவிடம் ஒன்று கேட்டேன். "அந்த ஆறேழு வருஷ டிக்கெட்டுக்குக் காசு யார் குடுத்தா?" கம்பெனிதான். அப்படியானால் தன் சொந்தப் பணத்தைச் செலவழித்து வாங்குகிறவன் எந்த விதத்தில் குறைந்தவன்? அவர் கோபப்படவில்லை. "காசு கம்பெனியோடது. திங்கக்கிழமை காலையில உன் தங்கச்சி எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி கிளம்பினது நான்தானேடா" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. முதல் வகுப்பில் மிச்சமாவது நாலு இருக்கை. அதற்கு அவரும், கார்டு தேய்த்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

சித்தி சொல்லித்தான் இன்னொன்று தெரிந்தது. இப்போது வீட்டிலிருந்தே வேலை என்பதால் சித்தப்பா அதிகம் பறப்பதில்லை. தங்கச்சிக்குப் பல்லில் கம்பி போட்ட செலவையும் அந்தக் கார்டிலேயே கட்டினாராம்.